பாண்டிலட்சுமி தொடாத துணி

பாண்டிலட்சுமி மெஷின் வாங்கிக் கார் பாலிஷ் போடப் போகிறாள் என்று அவள் புருஷன் மாரிக்கண்ணன் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். அங்கே முதல் சட்டமே எதையும் உரசக் கூடாது என்பதுதான். டப்பாவைத் தரையில் இழுக்கக் கூடாது. மூடியை வேகமாகத் திருகக் கூடாது. அந்தப் பழக்கம் ஊறிப்போய், வீட்டில் தோசைக்கல்லைக்கூட அவள் சுரண்ட மாட்டாள். அப்படிப்பட்டவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேய்ப்பதையே பிழைப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறாளாம்.

சாத்தூரைத் தாண்டி, திருநெல்வேலி போகும் நாலுவழிச் சாலையோரம் என் டயர் கடை. அடுத்த இடத்தில் தகரம் வேய்ந்த அவர்களுடைய வாட்டர் வாஷ் கொட்டகை. மாரிக்கண்ணன் லோடு லாரி ஓட்டி இடுப்பு போனவன். பாண்டிலட்சுமி கம்பெனியை விட்டு வந்தவள். விட்டு வந்த கதை பெரிசு ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் வேலை பார்த்த ரோஜா என்ற அவளுடைய சிநேகிதி ஒரு நாள் மத்தியானம் வெடியில் போய்விட்டாள். மறுநாளிலிருந்து இவள் வேலைக்குப் போகவில்லை. அழுதாளா என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. கொட்டகையில் கை வைக்குமுன் இரும்புத் தூணை ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் எதையும் எடுப்பாள், அதை மட்டும் பார்த்திருக்கிறேன். கம்பெனி வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்குமாம். உரசலில் உடம்பில் ஏறிய கரண்டு இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஈரத்தில் நிற்கிற இடத்தில் எதற்கு இந்தக் கூத்து என்று நான் கேலி செய்ததுண்டு. அவள் காதில் வாங்கியதே இல்லை.

வாட்டர் வாஷ் மட்டும் வைத்துக்கொண்டு அந்த வீடு ஓடவில்லை. நல்ல கார் வைத்திருக்கிறவர்கள் கழுவ மட்டும் இங்கே வந்தார்கள். பளபளப்பாக்க மதுரைக்குப் போனார்கள். இதற்கிடையில் கம்பெனி போர்மேன் சீனிவாசகம் வாரத்துக்கு ஒருதரம் போன் போட்டுக்கொண்டிருந்தார். தீபாவளி சீசன், ஆர்டர் குவிகிறது, கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும், வா என்று. பாண்டிலட்சுமி கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆவணி முடிவதற்குள் கொட்டகையில் பாலிஷ் வேலை காலூன்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப மருந்து அறை. இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

விருதுநகரில் கார் சாமான் கடைக்குப் போக என்னையும் இழுத்துக்கொண்டார்கள். டயர் விற்கிறவனுக்குக் காரில் எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் உண்டு. கடை தருண்குமாருடையது. முப்பது வயது இருக்கும், பொறுமைசாலி. மேசையில் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தான்.

“அக்கா, இது ஒரே வட்டமாச் சுத்தும். வேலை சீக்கிரம் முடியும். இன்னொண்ணு சுத்திக்கிட்டே ஆடும். கொஞ்சம் மெதுவு.”

“வேகமா முடியிறதையே எடுங்க,” என்றேன் நான். மாரிக்கண்ணனும் தலையை ஆட்டினான்.

பாண்டிலட்சுமி எங்கள் இருவரையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. “தம்பி, இதுல எது சூடாகும்?” என்றாள்.

தருண்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். “வட்டமாச் சுத்துறதுதான்க்கா. ஒரே எடத்துல கொஞ்சம் நின்னுட்டா பெயின்ட்டு தீஞ்சிரும். புதுசாப் பழகுறவுக இதை எடுத்துட்டுப் போயி அழுதுக்கிட்டு வருவாக.”

“அப்ப ஆடுறதையே குடுங்க.”

அதோடு என் யோசனைக்கு மரியாதை முடிந்தது. பிறகு பஞ்சு வட்டுகள் வந்தன. மெஷின் முகத்தில் ஒட்டிக்கொள்கிற ஸ்பாஞ்சு அது. கெட்டியானது கீறலை வெட்டி எடுக்கும், மெத்தென்று இருப்பது மினுக்கும். அதேபோல் பாலிஷ் மருந்திலும் இரண்டு வகை, கரகரப்பு உள்ளது ஒன்று, மாவு போன்றது ஒன்று. முதலில் மெத்தென்ற வட்டும் மாவு மருந்தும் வைத்து ஒரு ஓரத்தில் பார்க்க வேண்டும், கீறல் போகாவிட்டால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று தருண்குமார் சொன்னான். அவளுக்கு அது சட்டென்று பிடித்துப்போயிற்று. கம்பெனியிலும் எந்தக் கலவையையும் துளி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாகப் போடுவார்களாம். பெயின்ட்டில் ஒட்டிய தூசியை உருவி எடுக்கிற களிமண் கட்டி, ரப்பர் ஓரங்களை மறைக்க டேப்பு, எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து எடுத்து வைத்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

கடைசியாகத் தருண்குமார் ஒரு கட்டுத் துணியை எடுத்துப் போட்டான். “மருந்தைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணி.”

அவள் ஒன்றை எடுத்து விரலால் நீவினாள். சட்டென்று கீழே போட்டுவிட்டாள். “இது நைலான் மாதிரில்லா இருக்கு?”

“பாலியெஸ்டர் கலப்புக்கா. எல்லாரும் இதான் வாங்குவாக.”

“எனக்கு வேண்டாம். வீட்டுல பருத்தி வேட்டி கிடக்கு.”

“அக்கா, வேட்டி வச்சுத் துடைக்கக் கூடாது...”

“வேண்டாம்னா விட்டுருங்க தம்பி.”

குரல் ஒரு மாதிரி ஏறியது. மாரிக்கண்ணன் கையமர்த்தினான். பட்டாசுக் கம்பெனி வாசலில் நைலான் சேலைக்கு அனுமதி கிடையாது. உரசினால் பொறி பறக்கும். சீனிவாசகம் முந்தானையைப் பிடித்துப் பார்த்துத்தான் பெண்களை உள்ளே விடுவார். வேறு சேலை கட்டி வந்தவளுக்கு அன்றைய கூலி கிடையாது. ஆகவே பாண்டிலட்சுமியின் பெட்டியில் பருத்தியைத் தவிர எதுவும் இருந்ததில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் நூல் சேலைதான். இதைக் கார் சாமான் விற்கிற தருண்குமாருக்கு யார் சொல்வது?

பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கார்க் கதவைத் தூக்கி வந்து அதில் பழகினாள். மற்றவர்கள் மெஷினை அமுக்கு அமுக்கென்று அமுக்குவார்கள். இவள் அமுக்கவே இல்லை. பச்சைக் குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல வைத்து, மெஷின் பாரத்திலேயே நகர்த்தினாள். நடுநடுவே நிறுத்திப் புறங்கையால் தகரத்தைத் தொட்டுச் சூடு பார்த்தாள். கதவு பளிச்சென்று ஆனது. அப்புறம் என் வெள்ளைக் கார், ஒரு டாக்டரின் வெள்ளைக் கார், இன்னொரு வெள்ளைக் கார். எல்லாம் பால் மாதிரி மின்னின. நான் சிரித்ததை வசதியாக மறந்துவிட்டு, எனக்கு அப்பவே தெரியும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

இந்தப் பேச்சு காலண்டர் அச்சடிக்கிற கனகசபாபதி முதலாளியின் காதுக்குப் போயிற்று. அவருடைய மகள் அனுப்பிரியாவுக்கு வியாழக்கிழமை முகூர்த்தம், புதன் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை ஏறப்போகிற கார் திங்களன்று கொட்டகைக்கு வந்தது. நல்ல கறுப்பு. வேலை பிடித்திருந்தால் அச்சகத்து வண்டிகள் அத்தனையும் இனி இங்கேதான் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தனை வண்டி வந்தால் மருந்து அறையை மறந்துவிடலாம். பாண்டிலட்சுமி அன்று தூணை இரண்டு தரம் தொட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதலாளியே வந்தார். தகரக் கூரை நிழலில் கார் கண்ணாடியாக நின்றது. “வெயில்ல எடுங்க,” என்றார். மாரிக்கண்ணன் பெருமையாக வண்டியை வெளியே நகர்த்தினான்.

வெயில் பட்டதும்தான் தெரிந்தது. பானெட் முழுக்கப் பொடிப்பொடியாகக் கோடுகள். சாம்பல் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி வட்டம் வட்டமாக ஓடின. கனகசபாபதி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸ் அது. குனிந்து, அதைப் பானெட்டில் வைத்துப் பார்த்தார்.

“கீறலாத் தெரியுதேம்மா,” என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாருங்க. ஆகலைன்னா மாப்பிள்ளைக்கு வேற வண்டி பாத்துக்கிடுவோம்.”

அவர் போன பிறகு மாரிக்கண்ணன் மெஷினைத் திட்டினான். நான் மருந்தைத் திட்டினேன். பாண்டிலட்சுமி யாரையும் திட்டவில்லை. டிக்கி மூடியில் டேப்பு ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். எல்லாக் கட்டத்திலும் ஒரே வட்டு, ஒரே மருந்து. ஒன்றைப் பருத்தி வேட்டியால் துடைத்தாள். ஒன்றைத் துடைக்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றி அலசிவிட்டாள். வண்டியை வெயிலுக்குத் திருப்பச் சொன்னாள். அலசிய கட்டத்தில் ஒரு கோடு கிடையாது. வேட்டிக் கட்டத்தில் அத்தனையும் இருந்தது. மெஷின் கீறவில்லை, மருந்தும் கீறவில்லை. மருந்தின் கரகரப்பை இழுத்துக்கொண்டு போய்ப் பெயின்ட்டில் கோடு போட்டது வேட்டி. வெள்ளைக் கார்கள் அதை வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

அவள் அந்த வேட்டியைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள்.

“கார் முழுக்கத் தண்ணி ஊத்தியே அலசிருவோமே,” என்றேன்.

“அலசலாம்ணே. ஆனா துடைக்காம ஈரத்தோட விட்டா உப்புத் தண்ணி புள்ளி புள்ளியா நிக்கும்.” பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள், “ஏங்க, விருதுநகருக்குப் போயி அந்தத் துணியை வாங்கிட்டு வாங்க.”

மாரிக்கண்ணனின் இடுப்பை நம்பாமல் நானே பைக்கில் போய் வந்தேன். தருண்குமார் “சொன்னேன்லா” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி ஓரத்தில் தைத்திருக்கிற லேபிள் சீட்டும் கீறும், அதைக் கத்தரித்துவிடச் சொன்னான், கீழே விழுந்த துணியைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்றான். நல்ல பையன்.

புதன்கிழமை காலை. காரை மெத்தென்ற வட்டால் மறுபடி ஓட்டி முடித்துவிட்டாள். மருந்து வெண்மையாகப் படிந்து நின்றது. நீலத் துணிக் கட்டு பக்கத்து ஸ்டூலில் இருந்தது. கையை நீட்டுகிறாள், இழுத்துக்கொள்கிறாள். மறுபடி நீட்டுகிறாள். எனக்கு மனசு தாங்கவில்லை. என்ன இருந்தாலும் துணிதானே என்று சொல்லலாம், அந்த மருந்து அறைக்கு வெளியே நின்றவன் நான், எனக்கென்ன தெரியும்?

“விடு லட்சுமி, நான் துடைக்கேன்,” என்றான் மாரிக்கண்ணன்.

“நீங்க அமுக்கிருவீக,” என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள். “ரோஜா அன்னைக்குப் பருத்திதான் கட்டியிருந்தா. நல்ல காஞ்சு மொடமொடன்னு இருந்த பருத்தி. சட்டத்துக்கு ஒரு குறையும் வைக்கல அவ.”

அதுதான் அவள் அழுது நான் பார்த்த முதல் தரம். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு துணியை எடுத்தாள். தூணைத் தொட்டாளா என்றால், இல்லை. நேராகக் காருக்குப் போனாள். துணியை நாலாக மடித்து, அமுக்காமல், ஒரே போக்கில் துடைத்துக்கொண்டே வந்தாள். பக்கம் அழுக்கானால் திருப்பினாள், எல்லாப் பக்கமும் ஆனால் புதுசு எடுத்தாள்.

கனகசபாபதி சொன்ன நேரத்துக்கு வந்தார். இந்தத் தடவை பாண்டிலட்சுமியே, “வெயில்ல எடுங்க,” என்றாள். கார் வெளியே வந்தது. சாலையோரத்து வேப்பமரம் கிளை கிளையாக அதன் கதவில் நின்றது. முதலாளி லென்ஸை எடுத்தார். பானெட்டில் வைத்தார். நகர்த்தினார். கதவுக்குப் போனார். டிக்கியைச் சுற்றி வந்தார். கடைசியில் லென்ஸைப் பையில் போட்டுவிட்டு, கதவுக்கு நேராக நின்று, தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மீசையை.

“என் அச்சகத்துலகூட இம்புட்டுச் சுத்தமா விழாதும்மா,” என்றார். காருக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “மூணு பேரும் கல்யாணத்துக்கு வந்துருங்க. வெள்ளிக்கிழமையிலிருந்து நம்ம வண்டி ஒவ்வொண்ணா வரும்.”

மாரிக்கண்ணன் இடுப்பு வலியை மறந்து ஒரு குதி குதித்தான். நான் என் கடையில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன், அவர்கள் ஏன் என்று கேட்டுக்கொண்டே குடித்தார்கள்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் போர்மேன் சீனிவாசகத்தைப் பார்த்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பது கனகசபாபதியின் அச்சகம்தான், அந்த வகையில் அவருக்கும் அழைப்பு. பந்தி வாசலில் நின்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார், “பாண்டிலட்சுமிக்குத் திங்கள்கிழமையிலிருந்து எடம் போட்டு வச்சிருக்கேன். வராம எங்க போயிருவா?”

அப்போது அவள் வந்தாள். நான் ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் விழித்தேன். பளபளவென்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூனம் சேலை. நடக்க நடக்கச் சரசரவென்று வழுக்கியது. கட்டிப் பழக்கமில்லாததால் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். தலை நிறைய மல்லிகைப்பூ. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

சீனிவாசகத்தின் கை, வருஷக்கணக்கான பழக்கத்தில், தானாக முந்தானை பக்கம் நீண்டது. பாதியில் நின்றது.

“என்ன லட்சுமி இது, நைலான் கட்டிருக்கே? இதைக் கட்டிக்கிட்டு உள்ள...”

“பாத்துட்டீகல்லா அண்ணாச்சி?” என்றாள் பாண்டிலட்சுமி. “இனிமே இப்படித்தான் கட்டுவேன்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரைத் தாண்டிப் பந்திக்குள் போய் உட்கார்ந்தாள்.