வந்துட்டேன்னு சத்தமாச் சொல்லணும்

நனைந்த காக்கிச் சட்டையின் வாசம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூடவே ஃபேக்டரியிலிருந்து தேயிலை காயும் வாசம்... தகரக் கூரையில் மழை விழும் சத்தம்... என் சனிக்கிழமைச் சாயங்காலங்கள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தன.

சொந்த ஊடு ஊட்டி காந்தலில். வேலை கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில். அங்கேயே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். எஸ்டேட் ஸ்கூலில் சாரணர் படை நடத்த ஆள் இல்லை என்றார் ஹெட்மாஸ்டர். "நான் நடத்துறேனுங்க சார்" என்றேன். எனக்குத் தெரியாததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. இப்போதும் அந்த நினைப்பு பெரிதாகக் குறைந்துவிடவில்லை!

நாற்காலிக் காலில் கயிறு கட்டி முடிச்சுப் பழகுவதெல்லாம் எனக்கு ஆகாது. தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளில் யார் வீட்டுக் கூரையில் தார்ப்பாய் பறக்கிறதோ, அங்கே போய்க் கட்டுவோம். ஈர விறகில் அடுப்பு மூட்டி டீ போடும் போட்டி வைப்பேன். ஜெயித்தவர்களுக்குப் பரிசு, அந்த டீயைக் குடிக்க வேண்டியதில்லை என்பதுதான்.

மிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் பனிமூட்டம் இறங்கினால் மற்றவர்கள் விளையாட்டை நிறுத்துவார்கள். நாங்கள் அப்போதுதான் ஆரம்பிப்போம். பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. விசில் சத்தத்தை வைத்தே ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு சட்டம். நீளமாக ஒரு விசில் கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தாலும் பதில் விசில் ஊதியே ஆக வேண்டும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது... பம்ப் ஹவுஸ் சண்முகம் அண்ணன் ஒரு நாள் ரோட்டு வளைவில் காட்டெருமையை நேருக்கு நேர் பார்க்கும் வரை.

அவர் மகள் பவித்ரா என் படையில் இருந்தாள். ஸ்கூலிலிருந்து பார்த்தால் அவர்கள் வீடுதான் கடைசி. அடுத்த சனிக்கிழமை அண்ணன் ஸ்கூல் வாசலிலேயே வந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க மிஸ், தப்பா நினைக்காதீங்க. இருட்டுற நேரத்துல புள்ளைய அனுப்ப முடியாதுங்க. காட்டுமாடு சும்மா நிக்குதுங்க ரோட்டுல."

பின்னாலேயே இன்னும் நாலைந்து அம்மாக்கள். சீக்கிரம் ஆரம்பிக்கவும் வழியில்லை, ஆபீஸ் விட்டுத்தான் நான் வர முடியும். "மூடிடலாம்மா, நமக்கெதுக்கு வம்பு" என்றார் ஹெட்மாஸ்டர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆசை ஆசையாய் வளர்த்த படையை ஒரு மாட்டுக்குப் பயந்து மூடுவதா?

"மீட்டிங் ஸ்கூல்ல முடியாதுங்கண்ணா. கடைசிப் புள்ள ஊட்டுக்குள்ள போனாத்தான் முடியும். நானே கொண்டுவந்து விடுறேன்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். வரிசையாக நடப்போம். முன்னால் ஒரு விசில், கடைசியில் ஒரு விசில். ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பிள்ளை "வந்துட்டேன்!" என்று கத்த வேண்டும். உள்ளேயிருந்து "வந்தாச்சு!" என்று பதில் வந்தால்தான் வரிசை நகரும். லைன் முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். மூடச் சொன்ன அம்மாக்களே கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் பயங்கர மிஸ்ட். கடைசி வீட்டில் பவித்ரா கத்தினாள், உள்ளேயிருந்து பதிலும் வந்தது. நான் திரும்பும்போது கேட்டாள்.

"நீங்க யாருகிட்டங்க மிஸ் வந்துட்டேன்னு சொல்லுவீங்க?"

"நான் பெரியவடி, எனக்கெதுக்கு?"

"அப்ப சட்டம் பெரியவங்களுக்கு இல்லீங்களா மிஸ்?"

சிரித்துவிட்டுக் கிளம்பினேன். வளைவைத் தாண்டியதும், தேயிலைச் செடிக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு... மிகப் பக்கத்தில். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. ஓடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவளே நான்தான். மெதுவாகப் பின்னால் நகர்ந்தேன். எட்டத்துக்கு வந்ததும் கை தானாக விசிலை எடுத்தது. நீளமாக ஒரு ஊதல்.

உடனே பம்ப் ஹவுஸ் பக்கமிருந்து ஒரு பதில் விசில். அடுத்து கீழே லைனிலிருந்து ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று... கண்ணுக்கு ஒரு வீடுகூடத் தெரியவில்லை. ஆனால் மலை முழுக்க என் பிள்ளைகள் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

சண்முகம் அண்ணன் டார்ச்சோடு ஓடிவந்தார். கீழேயிருந்து தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். காட்டெருமை தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

"இனி நீங்க தனியா இறங்க வேண்டாமுங்க மிஸ். நான் வந்து விடுறேனுங்க" என்றார் அண்ணன், மகளை அனுப்ப மாட்டேன் என்ற அதே மனுஷர். சட்டத்தில் பிள்ளைகள் ஒரு வரி சேர்த்தார்கள். குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்ததும் மிஸ் விசில் ஊத வேண்டும். அது கேட்கும் வரை ஒருத்தரும் சாப்பிட உட்காரக் கூடாது.

இப்போது நான் கோயமுத்தூரில், ஏழாவது மாடியில். கேட்டில் வாட்ச்மேன், லிஃப்டில் கேமரா. பாதுகாப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் வீடு வந்து சேர்ந்தேனா என்று இந்தக் கட்டடத்தில் கேட்க ஆள் கிடையாது.

போன வாரம் ஊட்டி போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன். மேட்டுப்பாளையத்தில் டிராஃபிக், வீடு வர நேரமாகிவிட்டது. செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. பவித்ரா. பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அவளுக்கே இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. ஊட்டியில் பஸ் ஏறும்போது எங்கள் பழைய படையின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டிருந்தேன். அவ்வளவுதான்.

"என்னங்க மிஸ், இன்னும் விசில் வரல? தட்டுல சோத்தப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கேன்!"

செருப்போடு அப்படியே வாசலில் நின்று, பக்கத்து ஃபிளாட்டுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னேன்.

"வந்துட்டேன்டி!"