டீசலை நிறுத்தப் பார்த்த தீவு

அந்தப் பெண் எங்கள் தொழிற்சாலைக்கு வந்த அன்று ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் விடாத மழை. அவரை ரெயில் நிலையத்திலிருந்து கூட்டிவரும் பொறுப்பை எங்கள் செஃப், அதாவது மேலாளர், என்னிடம் தந்திருந்தார். "நீயும் தீவிலிருந்து வந்தவன்தானே, உங்களுக்குள் ஒத்துப்போகும்" என்றார். இலங்கைக்கும் அவருடைய நாட்டுக்கும் நடுவில் பாதிப் பூமி கிடக்கிறது என்று நான் சொல்லப் போகவில்லை. எங்கள் பிரிவில் தயங்காமல் ஆங்கிலம் பேசுகிறவன் நான் ஒருவன்தான், அதுதான் உண்மையான காரணம்.

அவருடைய நாடு பசிபிக் கடலில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. எழுதினால் அவர் யாரென்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். அந்த வேலைக்கு அங்கே அவர் ஒருவர்தான். தலைநகரின் மின்நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. மின்நிலையம் என்றால் ஒரு தகரக் கொட்டகையும் அதற்குள் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் டீசல் ஜெனரேற்றர்களும்தான். டீசல் கப்பலில் வரும். கப்பல் பிந்தினால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் மின்சாரம், மற்ற எல்லோருக்கும் இருட்டு.

அந்த நாடு காபன் வெளியேற்றத்தை நிறுத்துவதாக உலகத்திற்கு வாக்குக் கொடுத்திருந்தது. கொட்டகையை மூடிவிட்டு வெயிலில் ஓடுவது என்று முடிவு. பகலில் சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தைச் சேமித்து இரவில் கொடுப்பதற்குப் பெரிய பற்றரிகள் வேண்டும். அவற்றைக் கொன்ரெய்னருக்குள் அடுக்கிப் பூட்டி அனுப்புவது எங்கள் தொழிற்சாலையின் வேலை. அவற்றை இயக்கப் பழகுவதற்குத்தான் அவர் வந்திருந்தார்.

என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். உரத்துச் சிரிப்பார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் என் நினைவில் அவர் எங்கள் பேச்சிலேயே பேசுகிறார், அப்படியே எழுதுகிறேன்.

"உலகம் விடுற புகைக்குள்ளை எங்கடை பங்கு ஒரு தூசி" என்று முதல் வாரமே சொன்னார். "நாங்கள் நிப்பாட்டினாப் போலை கடல் இறங்கப் போறதில்லை. அது எனக்குத் தெரியும்."

"பிறகு ஏன் இவ்வளவு பாடுபடுறீங்கள்?"

"எங்கடை கை சுத்தமா இருந்தாத்தானே மற்ற ஆக்களைப் பாத்து நீங்கள் எப்ப எண்டு கேக்கலாம்."

ஒரு சனிக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். என் மனைவி மீன்குழம்பும் சொதியும் வைத்தாள். அவர் கையால் சாப்பிடத் தொடங்கியதும் அவளுக்கு அளவில்லாத சந்தோசம். "அக்கா, கூச்சப்படாமல் போட்டுச் சாப்பிடுங்கோ" என்று தமிழிலேயே உபசரித்தாள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். அன்றைக்கே 'அக்கா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வயதில் இளைய என் மனைவியையும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார். அவள் திருத்தவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் என்னிடம் ஒன்று கேட்டார். பக்கத்தில் எங்கோ பழுப்பு நிலக்கரியைத் திறந்த வெளியில் தோண்டுகிறார்களாமே, அதைப் பார்க்க முடியுமா என்று.

மறுநாள் மூவரும் காரில் போனோம். ரைன் ஆற்றைக் கடந்து, பீட்கிழங்கு வயல்களையும் காற்றாலைகளையும் கடந்து ஒரு பார்வை மேடைக்கு வந்தோம். அதற்கு அப்பால் நிலம் இல்லை. கண் போகும் தூரத்துக்குக் குழி. அடியில், ஒரு தேவாலயத்தைவிட உயரமான இயந்திரம் தன் சக்கரத்தைச் சுற்றி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. தூரத்தில் மின்நிலையத்தின் வெள்ளைப் புகை நேராக மேலே போயிற்று. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவர் கம்பியைப் பிடித்தபடி குனிந்து அடிவரை பார்த்தார்.

"எங்கடை தலைநகரை இதுக்குள்ளை இறக்கி வைச்சா வெளியிலை தெரியாது" என்றார். பிறகு, "எப்ப மூடுவினம்?" என்று கேட்டார்.

"அரசாங்கம் ஒரு வருசம் சொல்லியிருக்கு" என்று சொன்னேன்.

"எங்களிட்டையும் ஒரு வருசம் கேட்டவை. நாங்கள் குடுத்த வருசம் இதுக்கு முந்தி."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் இளவயதில் ஒரு பையோடு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவன். அகதி முகாமில் முதல் இரவு, சுவரோரம் இருந்த சூடாக்கியில் முதுகைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனது இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு வந்த வருசங்களிலும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் நின்றபோதுதான் முதல்முறை அதை யோசித்தேன். இந்த நாட்டுக்காரன் இல்லை என்று நழுவவும் முடியவில்லை; என் வீட்டு விளக்கும் இந்தக் குழியிலிருந்துதான் எரிந்தது.

திரும்பும் வழியில் அவர் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி என் பக்கம் சாய்ந்து, "ஏனப்பா இவவை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? கொலோன் கோயிலைக் காட்டியிருக்கலாமே" என்று குசுகுசுத்தாள்.

"அவதான் கேட்டவ."

"கேட்டா? ஏலாது எண்டு சொல்லுறதுதானே."

அவர் ஊருக்குப் போனார். கொன்ரெய்னர்கள் ஹம்பேர்க்கில் கப்பலேறின. கடைசிக் கதவைப் பூட்டியவன் நான். அதற்குள் யாருக்கும் தெரியாமல் என் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் கிறுக்கி வைத்தேன். வேலையில் அப்படி நான் வேறு எதிலும் செய்தது இல்லை.

ஜெனரேற்றரை நிறுத்தும் நாளுக்கு என்னை வரச்சொல்லி அழைத்தார். தன் வீட்டிலேயே தங்கலாம் என்றார். எனக்கு லீவும் இருந்தது. என் மகள் சிரித்தாள். "அப்பா, புகையைக் குறைக்கிறதைப் பாக்கிறதுக்கு அவ்வளவு தூரம் பிளேனிலை பறக்கப் போறீங்களே?" அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்கு அதே வாரத்தில் ஆஸ்பத்திரி டெர்மீன் வேறு குறித்திருந்தது. அடுத்த வருசம் வாறன் என்று எழுதினேன்.

அந்த நாளில் அவரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. பொழுதுபடும் நேரத்தில் ஜெனரேற்றர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்களாம். இரைச்சல் நின்றதும் சனங்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் விளக்குகள் எரிகின்றன. என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்களாம். "நான் இந்தக் கொட்டகையிலை இவ்வளவு காலம் வேலை செய்யிறன். பக்கத்திலை கடல் இருக்கிறது இண்டைக்குத்தான் கேட்டது" என்றார். தேநீர் இடைவேளையில் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டி ஜெர்மனில் சொன்னேன். செஃப் வெளியே போய் ஒரு பெரிய கேக்கோடு வந்தார்.

இப்போது அந்தக் கேக்கை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு எங்கள் நிறுவனத்தை வேறு ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. செஃப் ஓய்வெடுத்துக்கொண்டார். புதியவர்கள் வீட்டு வாசலில் காருக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டிகளைச் செய்வது என்று முடிவெடுத்தார்கள். பற்றரிக் கொன்ரெய்னர்கள் செய்வதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் யாருக்கும் வேலை போகவில்லை என்பதால் யாரும் பெரிதாக எதுவும் பேசவில்லை.

ஒருநாள் மதியம் தீவிலிருந்து அவர் எனக்குப் போன் எடுத்தார். பற்றரிகளைக் குளிரவைக்கும் விசிறிகளுக்கு ஒரு சிறிய மின்னணுப் பலகை உண்டு. அது அங்கே பழுதாகிக்கொண்டு வருகிறதாம். சூடு ஏறினால் கொன்ரெய்னர் தானாகவே நின்றுவிடும். நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறார், உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி என்று ஒரு பதில் மட்டும் வந்திருக்கிறது.

புதிய மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர், என்னை உட்காரவைத்துக் கேட்டார். "அந்தப் பொருளுக்கு இனி நம்மிடம் பாகமும் இல்லை, ஆளும் இல்லை. எனக்கும் வருத்தம்தான்" என்றார். வருத்தம் உண்மையாகவே இருந்தது. அதை வைத்து ஒரு விசிறியையும் சுழற்ற முடியாது.

கழிவுக்குப் போகவிருந்த சாமான்களைக் கிளறி, இரண்டு பழைய பலகைகளை எடுத்தேன். மேலாளரிடமே அனுமதி கேட்டுத் தீவுக்கு அனுப்பிவைத்தேன். அவை அங்கே சுங்கத்தில் கிடந்து வெளியே வருவதற்குள் இன்னும் சில கொன்ரெய்னர்கள் நின்றுவிட்டன. நின்றவற்றில் ஒன்று மட்டும் திரும்ப உயிர்பிடித்தது. முழு ஊருக்கும் அது காணாது.

"ஜெனரேற்றரை எப்ப திருப்பிப் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"நேற்று. நான்தான் போட்டனான். என்ரை ஆக்கள் ஒருத்தரும் கைவைக்கமாட்டம் எண்டிட்டினம்."

கடைசியாக அவரை பொன் என்ற ஜெர்மன் நகரத்தில் பார்த்தேன். காலநிலைப் பேச்சுவார்த்தைக்குத் தன் நாட்டுக் குழுவோடு வந்திருந்தார். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. வெளியே ஒரு மரத்தடியில் காத்திருந்தேன். கழுத்தில் அட்டை தொங்க வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. ரைன் கரையில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்து, மனைவி கட்டித் தந்த புட்டையும் மீன்பொரியலையும் சாப்பிட்டோம்.

பகலில் இப்போதும் வெயிலில்தான் ஓடுகிறது என்றார். இரவில் மட்டும் டீசல். வேறு ஒரு நாடு புதிய பற்றரிகள் தருவதாகச் சொல்லியிருக்கிறது, கையெழுத்தாகவில்லை. அவை வருவதற்குள் அவர் ஓய்வுபெற்றுவிடுவார்.

"இந்தமுறை கூட்டத்திலை என்ன சொன்னனீங்கள்?"

"சொல்ல வந்ததைச் சொல்லேலாமல் போச்சு. நாங்கள் செய்து முடிச்சிட்டம், நீங்கள் எப்ப எண்டு கேக்கத்தான் ஆசைப்பட்டனான். இப்ப, நாங்களும் செய்யிறம், உதவி செய்யுங்கோ எண்டுதான் சொன்னனான்."

எங்கள் நிறுவனத்துக்காக மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். சொல்லத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்கள் என்ன செய்யிறது" என்றார்.

"ஜெனரேற்றரை நிப்பாட்டின அண்டைக்கு நான் வந்திருக்க வேணும்" என்றேன்.

"ஓம்" என்றார். "வந்திருக்கலாம். நல்ல இரவு அது."

ஆற்றில் நிலக்கரியோ மணலோ ஏற்றிய ஒரு நீளப்படகு போய்க்கொண்டிருந்தது. கூட்டம் திரும்பத் தொடங்கும் நேரம் என்று எழுந்தார். வாசல்வரை போனேன். காவலாளி அவருடைய அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்.

ரெயிலில் வரும்போது மனைவி போன் எடுத்தாள்.

"அக்கா என்னவாம்?"

"புட்டு நல்லா இருந்ததாம்" என்றேன்.