ஆபீசுக்கே போய் எழுதுறேன்

போன வருஷம் தை மாதம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். அவள் பெயரில் எல்.எல்.ஆர். எடுக்க வந்திருந்தோம். வண்டி பழகுவதற்கு முன்னால் வாங்க வேண்டிய உரிமம் அது. சாலை விதிகள், குறியீடுகள் எல்லாம் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு வைப்பார்கள். விவரங்களைப் பதிந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "பரீட்சைய வீட்ல இருந்தே எழுதுறீங்களாக்கா, இல்ல ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் எழுதுறீங்களா?" என்று கேட்டாள்.

"வீட்ல" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஆபீசுக்கே போய் எழுதுறேம்மா" என்றாள் என் மனைவி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. நான் லோடு ஆட்டோ ஓட்டியவன். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் பறிக்கிற மல்லிகையையும் சம்பங்கியையும் ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்க வேண்டும். அதுதான் எங்கள் பிழைப்பு. சர்க்கரை நோய் என் கண்ணில் கை வைத்தது. எதிரே இருப்பவர் முகம்கூடக் கலங்கலாகத்தான் தெரியும். இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூலிக்கு வைத்த டிரைவர் ஒரு நாள் வந்தால் மறுநாள் போனை எடுக்க மாட்டார். பூ காத்திருக்குமா? தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் "நானே ஓட்டுறேன்" என்று அவள் துணிந்தாள்.

துணிச்சல் சரி, தேர்வு? எட்டாம் வகுப்போடு நின்றவள். பேங்க்கில் கையெழுத்துப் போடச் சொன்னாலே கை நடுங்கும். நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வீட்டிலிருந்து எழுதினால் கேமராவில் அவள் முகம் மட்டும் தெரிந்தால் போதும். கேள்வியை அவள் முணுமுணுக்க, கேமராவுக்குப் படாத மூலையில் இருந்து நான் பதிலைச் சொல்லிவிடுவேன். இத்தனை வருஷம் ஓட்டியவனுக்குத் தெரியாததா? ஆபீசுக்குப் போய் ஃபெயிலானால் மறுபடி நாள் வாங்கி எழுத வேண்டும். அதற்குள் மிச்சமிருக்கும் தோட்டக்காரர்களும் கைவிட்டுப் போய்விடுவார்கள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஒனக்கென்ன கிறுக்கா? அம்புட்டுப் பேருக்கு முன்னாடி ஒனக்கு ஒண்ணும் ஓடாது."

அவள் நிதானமாகச் சொன்னாள். "வீட்ல எழுதுனா நீங்க சொல்லித் தருவீங்க. நாளைக்கு ரோட்டுல எதுக்க வாரத நீங்க பாத்துச் சொல்ல முடியுமாங்க? எனக்குத் தெரியுமா தெரியாதான்னு மொதல்ல எனக்குத் தெரியணும்ல."

அவள் சொன்னது நியாயம்தான். கோபம் மட்டும் போகவில்லை. அடுத்து வந்த நாட்களில் அவள் பெரிதாகப் படித்த மாதிரியும் தெரியவில்லை. போனில் அந்தக் குறியீடுகளை ஒரு தடவை பார்த்தாள், வைத்துவிட்டாள். நான் கேள்வி கேட்கிறேன் என்றால், "செத்த நேரம் சும்மா இருங்க" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

தேர்வன்று ஆபீசில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில், கண்ணாடித் தடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவள் கட்டியிருந்த மஞ்சள் சேலை மட்டும் ஒரு நிறமாகத் தெரிந்தது. தன் முறைக்காகப் பக்கத்தில் காத்திருந்த ஒரு கல்லூரிப் பெண், "அண்ணே, அந்த மஞ்சச் சேல அக்கா ஒங்க வீட்டம்மாவா? ரொம்பப் பயந்துட்டாங்க போல. மடியில விரலு ஆடிக்கிட்டே இருக்கு" என்றாள்.

"எப்படிம்மா ஆடுது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என் முகத்துக்கு நெருக்கமாகக் கையைக் கொண்டுவந்து செய்து காட்டினாள். கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரலும் எதையோ எடுத்து வைக்கின்றன, அழுத்துகின்றன, மறுபடி எடுக்கின்றன.

அது நடுக்கமில்லை. அவள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும்போது அவள் என் பக்கத்து சீட்டில்தான் இருப்பாள். மடியில் உதிரிப் பூவும் நாரும் இருக்கும். திண்டுக்கல் வருவதற்குள் சரம் தயாராகிவிடும். பூக் கட்டத் தெரிந்தவர்கள் கையைப் பார்ப்பதே இல்லை. கை பாட்டுக்குக் கட்டும், கண்ணுக்கு வேலை கிடையாது. அப்படியானால் அத்தனை வருஷமும் அவள் கண் எங்கே இருந்தது? அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

பாஸாகிவிட்டாள். சிரித்துக்கொண்டே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "எல்லாம் நம்ம ரோட்டுல இருக்கதத்தாங்க கேட்டாக" என்றாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள். ரயில்வே கேட்டுக்கு முன்னால் சிவப்பு முக்கோணத்துக்குள் வேலி போட்டிருக்குமாம். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தை ஒட்டி, இரண்டு பிள்ளைகள் ஓடுகிற படமாம். பாலம் வருவதற்குமுன் ரோடு ஒடுங்குவது போல இரண்டு கோடு, அந்தப் பலகை சாய்ந்து நிற்கிறதாம். நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். கேட் தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், பாலம் தெரியும். கண் நன்றாக இருந்த காலத்தில் தினமும் ஓட்டிய ரோடு. ஒரு பலகைகூட என் நினைவில் இல்லை. எனக்கு நினைவிருந்ததெல்லாம் பள்ளமும் வேகத்தடையும்தான்.

அடுத்த தேர்வில் வண்டியை ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். போன தோட்டக்காரர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது அவள் ஓட்டுகிறாள், மடியில் பூவோடு அந்தப் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நான் கட்டுகிற சரம் மார்க்கெட் வருவதற்குள் பாதி உதிர்ந்துவிடும், அதற்கு அவளிடம் தினமும் கிண்டல் வாங்குகிறேன். "இந்தா புளியமரம் வருது, புள்ளைக படம் வருது" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே அவள் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம், இப்படிப்பட்ட ஒருத்தியா இத்தனை காலம் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து வந்தாள் என்று எனக்கு இன்னமும் மலைப்பாகத்தான் இருக்கிறது.