ரிப்ஸ் செடிக்குக் கீழே

நோர்வேயில் ஒரு சட்டம் உண்டு. வந்த கடிதத்துக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர முடியாத அலுவலகம், எப்போது பதில் வரும் என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். வேலை செய்த காலம் முழுக்க இதை மற்றவர்களுக்கு ஒப்புவித்தவள் நான். இன்று காலை அம்மருட்டில் எங்கள் மாடிக்கட்டடத்தின் முன்னால், மின்சாரக் கார்களுக்கு இடம் செய்ய, மண் தோண்டும் இயந்திரம் அந்த ரிப்ஸ் செடியை வேரோடு தூக்கியது. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சட்டம். அடுத்து வந்தது பயம். என்னோடு வேலை செய்த மெலேயின் மகள் இந்தக் கோடையில் அந்தச் செடியைப் பார்க்கத்தான் வருகிறாள்.

கிளறிய மண் நான்காம் மாடி வரைக்கும் மணத்தது. ஈரமண் வாசம் பலருக்கு மழையை நினைவூட்டும். எனக்கு எங்கள் பழைய பிரீசரை நினைவூட்டும். காரணம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் பல்கலைக்கழகத்தில் என் வேலை, பசிபிக் தீவுத் தாய்மாரின் நலத்தையும் பேறுகால வழக்கங்களையும் ஆராய்வது. டொங்காவில் பிள்ளையின் நஞ்சுக்கொடியைக் குடும்பத்து மண்ணில் புதைப்பார்கள். அது கிடக்கும் இடம்தான் பிள்ளைக்குச் சொந்த இடம். இதைப் பற்றி அடிக்குறிப்புகளோடு நீளமாக எழுதியிருக்கிறேன். அடிக்குறிப்பு எதிலும் பிரீசர் வரவில்லை.

மெலே டொங்காவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த சக ஆய்வாளர். கணவர் ஊரில். ஒரு ஜனவரியில் அவளுக்கு இங்கே மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய நஞ்சுக்கொடியை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று விமான நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். வெளியே மண் கல்லாக உறைந்திருந்தது. மண் இளகும்வரை அதை எங்கள் பிரீசரில் வைத்தேன்: முருங்கையிலைக்கும், லில்லெஸ்ட்ரோம் தமிழ்க்கடைச் சுறாவுக்கும் நடுவில்.

எங்கள் வீட்டில் சமைப்பவர் என் கணவர். பிரீசர் திறக்கும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவருவேன்.

"இஞ்சை பாரும், இந்தப் பொதி கணவாயே?"

"ஐயோ, அதை வையுங்கோ! அது மெலேயின்ர."

"மெலே ஏன் மீனை எங்கட வீட்டில வைக்கிறா?"

சொன்னேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்தார். "என்ரையையும் ஊரில எங்கட வளவுக்கைதான் தாட்டவை. இப்ப அங்கை ஆமிக் காம்ப். அவங்கள்தான் காவல்."

பிறகு நான், வேறு எந்தத் தமிழரும் செய்யாத ஒரு காரியம் செய்தேன். எங்கள் கட்டடத்தின் பொது வளவில் இதைப் புதைக்கலாமா என்று இணைப்புகளோடு நகராட்சி அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு எழுதினேன்.

"கேட்டாத்தானே ஏலாது எண்டுவாங்கள்," என்றார் அவர்.

ஏலாது என்றும் அவர்கள் சொல்லவில்லை. மார்ச்சில் சட்டத்தைச் சுட்டிக்காட்டி எழுதினேன். ஏப்ரலில் இன்னொரு கடிதம். மெலேயின் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிந்தது. காலையில் நடைக்கூடத்தில், "வந்ததா?" என்பாள், போகப்போக என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போவாள். மகள் எந்த மண்ணிலும் இடமில்லாதவளாக விமானம் ஏறிவிடுவாளோ என்ற பயம் அவளுக்கு. மின்வெட்டே இல்லாத நாட்டில் மின்சாரம் போய்விடுமோ என்பது எனக்கு.

அவள் புறப்படுவதற்கு முதல் நாளும் தபாலில் ஒன்றும் இல்லை. இன்றே புதைப்போமா என்று கேட்டேன். மெலே புருவங்களை உயர்த்தினாள். அவளுடைய தீவில் அதற்கு 'ஓம்' என்று அர்த்தம்.

கணவர் தோண்டினார். மெலே பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி பொதியைக் குழிக்குள் இறக்கினாள். பார்ப்பவர்களுக்குக் காரணம் வேண்டுமே என்று, புளிப்புச் சிவப்புப் பழம் காய்க்கும் ரிப்ஸ் செடி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பால்கனியிலிருந்து பக்கத்து வீட்டு நோர்வே அம்மா, "அங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கத்தினார்.

"ரிப்ஸ்!" என்றோம் மூவரும் ஒரே குரலில். நான் எழுதிய எந்த விண்ணப்பமும் அவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

செடி கோடைதோறும் காய்த்தது. கணவர் அந்தப் பழத்தில் சம்பல் அரைப்பார். இப்போது அவர் இல்லை. பிரீசரும் இல்லை. செடியையும் மண்ணையும் இன்று லொறி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கே என்று கேட்டேன், சாரதிக்குத் தெரியவில்லை. கோடையில் வரும் பிள்ளைக்கு எதைக் காட்டுவேன்? அவளுக்கு இங்கே ஓர் இடம் இருந்தது என்பதற்கு என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அலுவலகத்தின் பதில் மட்டும்தான். அனுமதி உண்டு, ஆனால் மண் உறைந்திராத காலத்தில் மட்டும் என்கிறது அது. வந்து சேர்ந்த தேதி, நாங்கள் புதைத்த அதே வருடம் நவம்பர் இருபத்தொன்பது.