மூன்றாவது முறைக்கு வைத்த பந்து

எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில், நிழல் சீக்கிரம் விழும் பக்கம், ஏழாவது வரிசையில் க்ளெம் நோவாட்னியும் நானும் பதினோரு கோடைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன். நான் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். தேர்தல் என்று வந்தால் இருவரும் எதிரெதிர்க் கட்சி.

"உன் ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கிட்டுச் சாவுது வெர்ன். ரெண்டு பேரும் வீட்லயே கிடந்தா பெட்ரோலாவது மிச்சம்" என்பான். ஆனாலும் நவம்பர் வந்தால் அவன் வண்டியிலேயே இருவரும் போய்ப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் பன்றிக்கறி சாண்ட்விச் தின்போம்.

மட்டை பிடிக்கிறவனை க்ளெம் பார்க்கவே மாட்டான். அவன் கண் முழுவதும் பந்து வீசுகிறவன் மேல்தான். இருபது வயதில் அவனும் வீசியவன். தோள்பட்டை போனதோடு அது முடிந்தது. பந்து வீச்சில் அவனுக்கு ஒரே ஒரு வேதம் இருந்தது. அதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

"ஒரே ஆளு ஒரு ஆட்டத்துல மூணு தடவை உன் முன்னாடி வந்து நிப்பான். மொதத் தடவையே கையில இருக்கறத எல்லாம் காட்டிட்டா, மூணாவது தடவை அவன் தயாரா காத்துக்கிட்டு இருப்பான். நல்ல பந்த ஒளிச்சு வெச்சுக்கணும்."

நல்ல பந்து என்று அவன் சொன்னது மெதுவான பந்தை. கை முழு வேகத்தில் சுழலும், பந்து மட்டும் சோம்பலாக வரும். அடிக்கிறவன் மட்டையை வீசி முடித்த பிறகுதான் அது வந்து சேரும். ஒன்பது சுற்று ஆட்டத்தில் ஏழாவது சுற்று வரை அதை எடுக்காமல் பொறுத்திருப்பவனைக் கண்டால் க்ளெம் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுவான்.

அவன் மனைவி லவான் பக்கவாதத்தில் விழுந்து, நான்கு வருஷமாக மாவட்ட முதியோர் இல்லத்தில் இருந்தாள். க்ளெம் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். காலையில் அவன்தான் போய் ஓட்ஸ் கஞ்சி ஊட்டுவான். அவளுக்கு அவன் பெயர் நினைவில்லை. ஆனால் வேறு யார் கரண்டியை நீட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

அந்த இல்லத்தை ஒரு தனியார் கம்பெனிக்கு விற்றுவிடலாம் என்ற பேச்சு வந்தது. எங்கள் மாவட்டக் குழுவில் மூன்று பேர். ஒருவர் விற்க வேண்டும் என்றார், ஒருவர் கூடாது என்றார், மூன்றாமவர் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலிக்குத்தான் நவம்பரில் தேர்தல். விதை வியாபாரி டேரல் ஷ்ரோடர் ஒரு பக்கம், விற்பதுதான் சரி என்று. கெட்ட ஆள் இல்லை. கணக்குப் பார்க்கிற ஆள். எதிரே ஜோலீன் ரைட்சல். பத்தொன்பது வருஷம் அதே இல்லத்தில் நர்ஸ்.

க்ளெம் அந்தக் கோடையில் பாதி ஆட்டங்களுக்கு வரவில்லை. முழங்கால் வலியோடு ஜோலீனுக்காக வீடு வீடாகப் போனான். எந்தக் கதவை முன்னால் தட்ட வேண்டும், எதைப் பின்பக்கம் போய்த் தட்ட வேண்டும் என்று தபால்காரனுக்குத் தெரியாதா? நானும் கூடப் போனேன். என் கட்சிக்காரர் டேரல் என்பதை க்ளெம் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக் காட்டினான். "இவன் அந்தப் பக்கத்து ஆளு. அவனே வந்திருக்கான், பாத்துக்குங்க."

செப்டம்பர் கடைசியில் ஜோலீன் எங்களைத் தன் சமையலறைக்குக் கூப்பிட்டாள். மேஜை மேல் சில காகிதங்கள். வாங்க வருகிற அதே கம்பெனி, பக்கத்து மாநிலத்தில் இதே மாதிரி இரண்டு இல்லங்களை வாங்கி, இரண்டு வருஷத்துக்குள் இரண்டையும் மூடியிருந்தது. அரசாங்கப் பதிவேட்டின் நகல். மறுக்க முடியாது.

"நாளைக்கே பத்திரிகைல குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள் ஜோலீன்.

க்ளெம் காகிதத்தைப் படித்துவிட்டு, கையால் மூடி வைத்தான்.

"இப்பக் குடுக்காதம்மா. இப்பக் குடுத்தா டேரலுக்கு அஞ்சு வாரம் கெடைக்கும். கம்பெனிக்காரன் கோட்டு போட்டு வந்து ஏதாவது சமாதானம் சொல்லுவான், ஜனங்க தலைய ஆட்டும். கடைசி வியாழக்கெழமை எடுப்போம். மட்டையத் தூக்கறதுக்குள்ள பந்து தாண்டிடணும்."

"அவ்வளவு நாள் வெச்சிக்கிட்டு இருக்கணுமாங்க?"

"நல்ல பந்தும்மா இது. மூணாவது தடவைக்கு."

ஜோலீன் என்னைப் பார்த்தாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் தலையாட்டினேன்.

தேர்தலுக்கு முந்தின வியாழக்கிழமை செய்தி வந்தது. உணவுக்கடையில் காப்பி ஆறிப்போவது தெரியாமல் அதையே பேசினார்கள். டேரல் இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. க்ளெம் இளவட்டம் மாதிரி நடந்தான்.

வெள்ளிக்கிழமை நாங்கள் அதே செய்தியை அச்சடித்துக்கொண்டு வீதி இறங்கினோம். மூன்றாவது வீடு பெர்னிஸ் கூப்பருடையது. கணவனை அந்த இல்லத்தில் வைத்து அடக்கம் வரை பார்த்த விதவை. காகிதத்தை நின்றபடியே படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"இத மூணு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா க்ளெம்?"

"ஏன், என்ன ஆச்சு?"

"நான் ஓட்டுப் போட்டாச்சே. தபால்லயே அனுப்பிட்டேன். டேரல் நம்ம சர்ச் ஆளாச்சே, விக்கறதுல என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போவுதுன்னு அவனுக்குப் போட்டுட்டேன். திருப்பி வாங்க முடியுமா?"

"முடியாது பெர்னிஸ்" என்றான் க்ளெம்.

எங்கள் அயோவாவில் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே ஓட்டுப் போடலாம். எத்தனையோ பேருக்கு அந்தத் தபால் ஓட்டு உறைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் க்ளெம். அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்ததையும் தெரியாமல் வைத்திருக்கும் மூளையை என்ன செய்வது?

அடுத்த ஆறு வீடுகளில் நான்கு பேர் முன்பே போட்டவர்கள். அதன் பிறகு க்ளெம் கதவைத் தட்டவில்லை. நான் தட்டினேன், அவன் நடைபாதையில் நின்றான்.

ஜோலீன் ஐம்பத்தெட்டு ஓட்டில் தோற்றாள். மறு எண்ணிக்கை கேட்டோம். அடுத்த வாரம் ஒரு பகல் முழுக்க எண்ணி, மாவட்ட அலுவலகத் தாழ்வாரத்தில் தாளை ஒட்டினார்கள். தேர்தல் நாளன்று போட்டவர்களில் ஜோலீன் நானூற்றுப் பத்து ஓட்டு முன்னால். முன்கூட்டிப் போட்டவர்களில் நானூற்று அறுபத்தெட்டு பின்னால்.

க்ளெம் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

"மட்டைக்காரன் மூணு தடவை வருவான் வெர்ன். ஓட்டுப் போடறவன் ஒரே தடவைதான் வருவான். இது எனக்குத் தெரியாமப் போச்சே."

ஜோலீன் அவன் கையைப் பிடித்தாள். "முடிவு பண்ணது நான்தாங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"நீ நாளைக்கே குடுக்கறேன்னு சொன்ன. நான்தாம்மா தடுத்தேன்" என்றான்.

ஜனவரியில் டேரல் பதவி ஏற்றார். மார்ச்சில் விற்றார்கள். அடுத்த வருஷம் மே மாதம் கம்பெனி இல்லத்தை மூடியது. ஊரில் யாரும் க்ளெமைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லவானுக்கு இடம் கிடைத்தது எண்பத்தேழு மைல் தள்ளி, ஆற்றைத் தாண்டி இருக்கிற ஓர் இல்லத்தில். அழைத்துப் போகிற நாளில் அவள் சக்கர நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. க்ளெம் மண்டியிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். ஜோலீன் வாகனத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

அவனுக்குக் கண்புரை. நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் நான் ஓட்டிக்கொண்டு போனேன். காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் அவன் கையால் ஊட்டலாம். மற்ற நாட்களில் அங்கே அவளுக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. திரும்பும் வழியில் வானொலியில் ஆட்டம் ஓடினால் அவன் அணைத்துவிடுவான். நான் எதையாவது பேசுவேன். அவன் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வருவான்.

பிப்ரவரியில் மூன்று நாள் பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். இரண்டாம் நாள் காலையில், லவான் போய்விட்டாள் என்று இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் அவன் வீட்டுக்கு நடந்தே போனேன். மேலங்கி, காலணி, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ரோடு தொறந்துட்டாங்களா?" என்றான்.

"இல்லடா."

"தொறந்தாச் சொல்லு."

மத்தியானம் வரை அப்படியே இருந்தான். அப்புறம் நான்தான் காலணியைக் கழற்றிவிட்டேன்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டார்கள். டேரல் ஷ்ரோடர் வந்திருந்தார். வரிசையில் எல்லோரோடும் நின்று, க்ளெம் முன்னால் வந்தபோது தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தார்.

"நல்லா நடத்துவாங்கன்னு நம்பித்தான் கை தூக்கினேன் க்ளெம். எங்க அம்மாவும் அங்கதான் இருந்தாங்க. இப்ப அவங்களையும் தூரத்துலதான் விட்டிருக்கேன்."

"தெரியும். செவ்வாக்கெழமை போனா உன் வண்டிய அங்க பாப்பேன்" என்றான் க்ளெம். கொஞ்ச நேரம் டேரலின் கையை விடாமல் வைத்திருந்தான். "சாப்டுட்டுப் போ. பெர்னிஸ் செஞ்ச உருளைக்கிழங்கு நல்லா இருக்கு."

அந்த மே மாதம் அவன் ஏழாவது வரிசை இடத்துக்கான வருஷச் சீட்டைப் புதுப்பிக்கவில்லை. அங்கே இப்போது ஒரு கணவன் மனைவி உட்காருகிறார்கள். நல்லவர்கள், எனக்குச் சூரியகாந்தி விதை நீட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் இன்னும் எனக்கு ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து வண்டியைக் கிளப்பி க்ளெம் வீட்டுக்குப் போகிறேன். அவன் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி வைத்திருப்பான், எப்போதும் கொஞ்சம் அதிகமாக. இருவரும் சாப்பிடுகிறோம். பிறகு அவன் பாத்திரத்தைக் கழுவுகிறான், நான் துடைத்து அடுக்குகிறேன்.