எங்கள் முகம் சிவக்காது

நான் கறுப்பு. மாநிறம்தானே என்று சமாதானம் சொல்ல வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சின்ன வயதில் படித்த வாரப் பத்திரிகைக் கதைகளில் கதாநாயகிக்கு எதற்கெடுத்தாலும் கன்னம் சிவந்துவிடும். படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நிற்பேன். வெட்கம் வரும், சிவப்பு வராது. யாரைப் பார்த்து எழுதினார்களோ என்று அப்போதே எரிச்சலாக இருக்கும்.

இப்போது பாம்பூஃப்ளாட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அபர்டீன் பஜாரில் பஸ் பிடித்து சாத்தம் ஜெட்டி, அங்கிருந்து ஃபெரியில் அக்கரை. காண்ட்ராக்ட் வேலைதான். போன வருடம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்து நிர்வாகத்தின் ஆள் ஒருவர் வருவார், அவர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், அவருக்குப் பிடித்தால் வேலை. அன்று ஆங்கிலத்தைத் தவிர வேறு பேச்சு வாயில் வரக் கூடாது என்று தலைமையாசிரியை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அதுதான் எனக்குச் சிக்கல். என் வகுப்பு அப்படி நடப்பதில்லை. புதுச் சொல் வந்தால் அதை பெஞ்ச் பெஞ்சாகச் சுற்றவிடுவேன். உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் பெங்காலிப் பிள்ளை ஒன்று சொல்லும், தெலுங்குப் பிள்ளை இன்னொன்று சொல்லும். சுற்றி முடிவதற்குள் அந்தச் சொல் எல்லோருக்கும் பழகிப்போகும். நாலா ஊர்க்காரர்களும் வந்து குடியேறிய இந்தத் தீவில் வேறு எப்படிப் பாடம் நடத்துவது?

அன்றைய பாடத்தில் வந்த சொல் ‘பிளஷ்’. நிர்வாகத்திலிருந்து வந்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல சிவப்பு. நான் ஒழுங்காக ஆங்கிலத்திலேயே விளக்கினேன். வெட்கத்திலோ கூச்சத்திலோ முகம் சிவப்பதற்கு இந்தச் சொல், கோபத்தில் சிவந்தால் இதைப் போடக் கூடாது என்றேன்.

முன் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து கொத்து வேலைக்கு வந்தவர். அவளும் என் நிறம்தான். எங்கள் முகம் சிவக்காதே, அப்படியானால் நாங்கள் பிளஷ் பண்ணுவதில்லையா என்று திக்கித் திக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து அவர் சிரித்தார்.

“அரே, காலே லோக் கைசே பிளஷ் கரேங்கே? அப்னி மிஸ் கோ தேகோ.”

கறுத்தவர்கள் எப்படிச் சிவப்பார்கள், உங்கள் மிஸ்ஸையே பாருங்கள் என்று இந்தியில் சொல்கிறார். ஆங்கிலம் மட்டும் என்ற சட்டம் அவருக்கு இல்லை போலிருக்கிறது. வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேசாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் குனிந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு என்னால் பாடம் நடத்த முடியவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

“கன்னத்துல கைய வச்சுப் பாரும்மா.”

வைத்துப் பார்த்தாள். “சுடுது மிஸ்.”

எனக்கும் சுடுகிறது என்றேன். பிறகு அந்தச் சொல்லை பெஞ்ச் பெஞ்சாகச் சுற்றவிட்டேன். இந்தியில் ஷரம், பெங்காலியில் லொஜ்ஜா, தெலுங்கில் சிக்கு, மலையாளத்தில் நாணம், தமிழில் வெட்கம் என்று வந்தன. இதில் எதிலாவது நிறம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். சூடுதான் பிளஷ், சிவப்பு வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு என்றேன்.

“இங்லீஷ் ப்ளீஸ்” என்றார் அவர்.

அவருக்கு இந்தியிலேயே பதில் சொன்னேன். ஒரு பிள்ளையின் முகம் எரிவது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் குறை அவள் முகத்தில் இல்லை சார் என்றேன்.  

பாடத்தில் மிச்சமிருந்தது ஒன்றுதான், சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். அதே பெண் எழுந்தாள். கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு, திக்காமல் சொன்னாள்.

“சார் இஸ் பிளஷிங்.”

எல்லோரும் திரும்பினார்கள். அவர் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. கோபத்தில் சிவந்திருந்தால் அவள் வாக்கியம் தப்பு. டீச்சர் என்ற முறையில் நன்றாக உற்றுப் பார்த்தேன். கையிலிருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

“கரெக்ட். உட்காரு” என்றேன்.

வேலை வேறொருவருக்குப் போனது. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கூட வேலை பார்க்கும் டீச்சர் ஃபெரியில் வைத்துக் கடிந்துகொண்டார். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். சம்பளத் தேதி வந்தால் இன்னும் வலிக்கிறது. ஆனால் மறுபடி அந்த வகுப்பில் நிறுத்தினாலும் சாக்பீஸைக் கீழேதான் வைப்பேன்.

இந்த வருடமும் அதே பாடம் வந்தது. புதுப் பிள்ளைகள் உதாரணம் கேட்டார்கள். அவள் சொன்ன வாக்கியத்தையே போர்டில் எழுதிப்போட்டேன்.