கடலில் வைத்த மை

எங்கள் நைனா கப்பலில் துணி தேய்த்தார்.

அதற்கு முன்னால் ராஜா அண்ணாமலைபுரத்தில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் சட்டை கொடுக்கும் பெரியவர் ஒருவர்தான், கப்பலில் இஸ்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள், போகிறாயா என்று கேட்டார். நைனா போனார். எனக்கு அப்போது எட்டு வயது.

அது சரக்குக் கப்பல் இல்லை. டூர் கப்பல். பணக்காரர்கள் ஏறுவார்கள், நாலு ஊர் பார்ப்பார்கள், ஏறின இடத்திலேயே வந்து இறங்குவார்கள். அத்தைக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. அத்தை நைனாவுக்கு அக்கா. எங்களோடுதான் இருந்தாள்.

"ஏறின எடத்துலயே எறங்கறதுக்கு இன்னாத்துக்குக் கப்பலு? 21ஜி பஸ்ல குந்திக்கினு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தா பத்தாதா?"

நாங்கள் இருந்தது ராயப்பேட்டையில், ஒரு சந்துக்குள். எதிரெதிராக ஆறு வீடு, எல்லாருக்கும் ஒரு குழாய். எங்கள் வீட்டுக்கு ஒரு அறை, ஒரு ஜன்னல். அம்மா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். அத்தை வாசலில் உட்கார்ந்து ஒரு பிரியாணிக் கடைக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும்.

நைனா கார்டு போடுவார். நம் தபாலாபீஸ் மஞ்சள் கார்டு இல்லை, படம் போட்ட வழவழ கார்டு. கப்பலில் ஒவ்வொரு அறையிலும் அதைச் சும்மா வைத்திருப்பார்களாம். வந்தவர்கள் எழுதாமல் விட்டுப்போனதை, அறை கூட்டும் ஆள் எடுத்து நைனாவுக்குக் கொடுப்பார். அதனால் எங்களுக்கு வந்த எல்லாக் கார்டிலும் ஒரே படம்தான். வெள்ளைக் கப்பல், நீலக் கடல். ஸ்டாம்பு மட்டும் மாறும். சந்துப் பிள்ளைகள் ஸ்டாம்பு கேட்டு வரும். தண்ணீர் தொட்டு உரித்துக் கொடுத்துவிடுவேன். எனக்குக் கப்பல் போதும்.

கார்டு என்றால் திறந்த கடுதாசி. தபால்காரர் படிப்பார். குழாயடியில் படிப்பார்கள். அம்மா கடைசியாகப் படிப்பாள். அது தெரிந்து நைனா ஒன்றும் எழுத மாட்டார். நலம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. பாப்பா படிக்கட்டும். அவ்வளவுதான். அம்மா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே படிப்பாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படிப்பாள். இரண்டு தரம் படிக்க அதில் என்ன இருக்கிறது என்று நான் நினைப்பேன்.

நான் ஜன்னல் பார்ப்பேன். அந்தக் கப்பலில் வரிசை வரிசையாக ஜன்னல்கள். எண்ணினால் ஒவ்வொரு தரமும் ஒரு கணக்கு வரும். அதில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் நைனா இருக்கிறார். எது என்று தெரிந்தால் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு வேண்டியது அதுதான். தெரியாததால் எல்லா ஜன்னலையும் பார்க்க வேண்டியிருந்தது.

பொங்கல் முடிந்து அம்மா ஒரு கடிதம் எழுதினாள். அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் நான் எழுதினேன். நைனா, நீ எந்த ஜன்னல்? படத்தில் மை வைத்து அனுப்பு.

எங்கள் கடிதம் பம்பாயில் ஒரு ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கப்பலுக்குப் போகும். பதில் வர மாசக்கணக்காகும். நடுவில் கார்டுகள் வந்தன. திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மை இருக்காது.

இங்கே அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் தபால் படிக்கத் தெரியும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், காதுகுத்து. மூலையில் கறுப்பு தடவியிருந்தால் சாவு. சாவுக் கார்டை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. சேதி தெரிந்ததும் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். இதற்கு மேல் தபாலில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பது அத்தையின் கட்சி.

மே மாதம். பள்ளிக்கூடம் லீவு. அத்தை வாசலில் வெங்காய மூட்டையோடு இருந்தாள். நான் குழாயடியில் குடம் வைத்திருந்தேன். தபால்காரர் கார்டை அத்தை மடியில் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தார். படம் மேலே பார்த்து விழுந்தது. கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு.

அத்தை கத்தினாள்.

"அய்யோ, எந்தம்பி பூட்டானே! தண்ணியில பூட்டானே!"

கண்ணில்தான் ஏற்கெனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததே. அதனால் முதலில் யாரும் அசையவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் தலையை நீட்டி, "இன்னா பெரிம்மா, இன்னிக்கு வெங்காயம் அவ்ளோ காரமா?" என்று கேட்டாள்.

அத்தை கார்டை நாலாகக் கிழித்து வாசலில் எறிந்தாள். என் குடத்தைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அப்புறம்தான் சந்துக்கு விஷயம் விளங்கியது. ஆறு வீடும் வெளியே வந்தது. எதிர்வீட்டு அக்கா அம்மாவின் கடைக்கு போன் பண்ண ஓடினாள்.

நான் அழவில்லை. கார்டில் மை வந்திருக்கிறது. எனக்கு அதுதான் தெரிந்தது. நைனா பதில் போட்டிருக்கிறார், அத்தை அதைக் கிழித்துவிட்டாள். துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். அத்தை என் கையில் ஒரு அடி போட்டாள்.

"தொடாத! தீட்டு!"

சந்து முனையில் டெய்லர் பாய் கடை. சத்தம் கேட்டு கழுத்தில் டேப்போடு வந்தார். அத்தை கத்தக் கத்த, நாலு துண்டையும் பொறுக்கி ஊதிக்கொண்டு போய்த் துணி வெட்டும் மேசையில் சேர்த்து வைத்தார். நானும் பின்னாலேயே போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

"அக்கா, இது உன் தம்பி கையெழுத்தா பாரு."

"கையெழுத்த நான் இன்னாத்தக் கண்டேன்?"

"அடியில அவரு பேரு கீது. நான் ஒண்ணு கேக்கறேன். செத்தவரு தானே குந்தி கார்டு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, டப்பாவுல போடுவாரா?"

அத்தை அழுகையை நிறுத்தினாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்போ எதுக்குக் கறுப்பு தடவுனான், பேமானி?"

பாய் எல்லாருக்கும் கேட்கப் படித்தார். நலம். இங்கே வெயிலே தெரிவதில்லை. பாப்பா கேட்டதற்குப் படத்தில் மை வைத்திருக்கிறேன், காட்டவும். துணிக்கு நம்பர் போடுகிற மை, தண்ணீர் பட்டாலும் போகாது. அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அக்காவைக் கேட்டதாக என்று வந்ததும் சந்தே சிரித்தது. அத்தையும் சிரித்தாள், திட்டிக்கொண்டே.

"வெயிலே தெரியலயாமே! நாம இங்க வெந்துக்கினு கீறோம், அவரு ஏசியில குளுகுளுன்னு கீறாரு பாரு" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அம்மா வந்தாள். போனில் என்ன சொன்னார்களோ. சந்து முனையில் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தாலி அந்தக் கைக்குள் இருந்தது. அத்தையின் ஈரத் தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

பாய் கத்தினார்.

"தங்கச்சி, ஒண்ணும் இல்லமா! நல்லா கீறாரு! உங்க அண்ணி கூத்து!"

அம்மா கழுத்திலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாரையும் திட்டவில்லை.

"கார்டு எங்க?" என்றாள்.

மேசையில் நாலு துண்டாகக் கிடந்ததைப் படித்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் படத்தைச் சேர்த்தாள். நானும் எக்கிப் பார்த்தேன். இத்தனை மாசம் காத்திருந்தது அதற்குத்தான். மேல் வரிசையில் தேடினேன். நடு வரிசையில் தேடினேன். எந்த ஜன்னலிலும் மை இல்லை. கப்பலின் வால் பக்கம், வெள்ளை முடிந்து நீலம் ஆரம்பிக்கிற இடத்துக்கும் கீழே, கார்டின் மூலையில் இருந்தது. தண்ணீரில்.

"நைனா தப்பா வச்சிட்டாருமா. ஜன்னல்ல வைக்காம கடல்ல வச்சிட்டாரு."

மறுபடியும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அம்மா சிரிக்கவில்லை. கறுப்பு இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கடையில் அரை நாள் சம்பளம் போன கோபம் என்று நினைத்தேன்.

பாய் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியில் ஒரு துண்டு வெட்டினார்.

"இதுல வச்சு மிஷின்ல ஓட்டிக் குடுக்கறேன். ஒரு பக்கம்தான் வெளிய தெரியும். எழுத்தா, படமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுத்து என்றுதான் சொல்வாள். இன்னும் உட்கார்ந்து படிக்கவில்லையே.

"படம்" என்றாள் அம்மா.

எனக்காகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். நைனாவின் எழுத்து துணிக்குள் போயிற்று. வெள்ளை நூலில் சுற்றித் தைத்துக் கொடுத்தார் பாய். கப்பலின் மேல் குறுக்கே இரண்டு தையல் ஓடியது.

சாயங்காலம் நான் சோறு தின்னவில்லை. எந்த ஜன்னல் என்று தெரியாமல் எப்படித் தின்பது. அம்மா என் பேனாவை எடுத்தாள். மேல் வரிசையில், நடுவில், நல்ல பெரிய ஜன்னலாகப் பார்த்து ஒரு புள்ளி வைத்தாள்.

"நைனாவுக்குக் கை தவறிடுச்சு. இதான் அவரு ஜன்னலு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? தின்னு."

தின்றேன்.

நடந்ததை அம்மா நைனாவுக்கு எழுதினாள். அதற்குப் பிறகு வந்த கார்டுகளில் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது. கப்பல் சமையல்கட்டில் வாங்கித் தடவியிருப்பார். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். அத்தை மோந்து பார்த்துவிட்டு, "மஞ்சளா இது? கொழம்பு" என்பாள். ஆனால் அந்தக் கார்டுகளை மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் தைத்த கார்டை என் பக்கத்துச் சுவரில் மாட்டிவைத்தேன். பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் புள்ளியிடம் சொல்லிவிட்டுப் போவேன். சிலேட்டில் வாங்கின மார்க்கைக்கூட அதற்குக் காட்டியிருக்கிறேன். படுத்துக்கொண்டு பார்த்தால் புள்ளி தெரியாது. கறுப்பு மூலைதான் தெரியும். அதை நான் பார்க்க மாட்டேன். அது தப்பாக வைத்தது. அம்மா சில சமயம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நைனா அடுத்த வருஷம் வந்தார். வெளுத்திருந்தார். மரத்தடியில் நின்றபோது இருந்த கறுப்பு போய், வேறு யாரோ மாதிரி இருந்தார். அத்தை, "வெள்ளைக்காரன் ஊர்ல குந்தி வெள்ளைக்காரனாவே ஆயிட்டான்" என்று கன்னத்தைத் தடவினாள். நான் முதல் வேலையாகக் கார்டை எடுத்து வந்து புள்ளியைக் காட்டினேன்.

"நைனா, இதானே உன் ஜன்னலு?"

நைனா கார்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஆமா, இதான்" என்றார். "நல்லா காத்து வரும்."

கப்பலில் வேலையாட்கள் படுக்கும் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும், அதற்கு ஜன்னல் கிடையாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நைனா மையைச் சரியான இடத்தில்தான் வைத்திருந்தார்.

அவர் திரும்பப் போகவில்லை. மரத்தடிக்கே போனார். வீட்டில் ஜன்னலுக்கு நேர் கீழே பாயைப் போட்டுப் படுப்பார். அது நான் படுக்கும் இடம். விட்டுக்கொடுக்கச் சொன்னாள் அம்மா. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. சாரல் உள்ளே அடித்தது. நைனா முகத்தில் அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் பள்ளிக்கூடப் பை நனைந்தது.

"ஜன்னல சாத்துமா" என்றேன்.

அம்மா பையை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தாள். ஜன்னலைச் சாத்தவில்லை.

அவ்வளவு ஜன்னல் இருக்கிற கப்பலில் இருந்துவிட்டு வந்தவருக்கு இந்த ஒரு ஜன்னலில் என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.